மைக் இல்லாத மாநாடும் ஐந்தாவது குரலும்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அழகும் அறிவும் பெங்களூரில் வாடகை வீடும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற என் மச்சான் மகள் வளர்மதிக்கு,

வீரா சவுண்ட் சர்வீஸ் அதிபரும், உன் அத்தை அன்புக்கரசிக்கு முப்பது வருடமாகக் கணவருமான வீராசாமி மாமா எழுதுவது. நான் நலம். அத்தை நலமா என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. இனி சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய், உன் புருஷன் நம்பமாட்டான், நம்ம கோட்டை ராஜகிரி மலையே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் ஊர் நம்பாது.

நீ பாட்டுக்கு பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ‘பெண்கள் பார்பர்ஷாப் சேர்ந்திசைக் கல்வி மாநாடு’ என்று ஒன்றுக்கு அத்தை பெயரைக் கொடுத்துவிட்டாய். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் முடிவெட்டக் காத்திருந்தவங்க சும்மா இருக்க முடியாம நாலு நாலு பேரா நின்னு பாடின பாட்டாம். இப்போ பொம்பளைங்க பாடறாங்களாம். நடத்துகிற ஜ்வாலாமாலினி டீச்சர் இங்கே பக்கத்து மேல்சித்தாமூர்க்காரர், அமெரிக்காவில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர், அதனால் நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே மூன்று நாள். அத்தையோ வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். உன் கல்யாணத்தில் அவள் நலங்குப் பாட்டு எடுத்ததும் மைக் அவுட் ஆச்சே (எதிர் சவுண்ட் சர்வீஸ் கடை பாண்டுரங்கன்கிட்ட இரவல் வாங்கின ஒயரு, அவன் விளங்குவானா!), அன்றையிலிருந்து ஏழு வருஷமாக ஒரு வரி பாடினதில்லை. “என் கட்டத் தொண்டைய மைக்கே வாணாம்னுடுச்சு, மனுசங்க கேப்பாங்களா?” என்றாள்.

“நான் இருக்கேன்டி” என்று பதினெட்டு பாக்ஸ், எட்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஜெனரேட்டர் ஏற்றிக் கிளம்பினேன். பக்கத்து சிங்கவரம் ஜனங்க எலெக்‌ஷன் வந்துடுச்சுன்னு ஓட்டர் கார்டோடு ரோட்டுக்கு வந்துட்டாங்க. மண்டப வாசலில் டீச்சர், “மைக் வேணாங்க” என்றார். ஆர்மோனியம்? “வேணாங்க.” தபலா? “வேணாங்க, தொண்டை போதும்.” பாக்ஸ் மேலேயே உட்கார்ந்துட்டேன். உள்ளே பார்த்தால் நானூறு பெண்கள் மல்லாக்கப் படுத்திருக்காங்க, ஒவ்வொருத்தி வயித்துமேலயும் ஒரு கிலோ அரிசிப் பை! மூச்சுப் பாடமாம், பை ஏறி ஏறி இறங்கணுமாம். முன்வரிசையில் படுத்திருந்த காத்தாயின்னு ஒருத்தி விட்ட மூச்சில் பை பறந்து போய் ஃபேனில் மோதிச்சு.

அப்புறம் குரலைத் தரம் பிரிக்க ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லச் சொன்னார்கள். உன் அத்தை தலையைக் குனிந்தபடி “அன்புக்கரசி” என்றாள். அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சந்தையில் ஆடெல்லாம் எழுந்து நின்றது, டீச்சர் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டார். “நாலு குரல்ல அடிக்குரலுக்குப் பேர் பேஸ். அது பொம்பளைங்ககிட்ட கிடைக்கிறதே அபூர்வம்மா!” மூணு கோஷ்டி அவள் கையைப் பிடித்து இழுக்குது. “இன்னாம்மா இது, இந்தத் தொண்டைக்கா அடிச்சுக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள் பார், நான் குனிந்து இல்லாத ஒயரைச் சுத்த ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கோட்டைக்குள் அந்த வளைவுக் கூரை நெற்களஞ்சியத்தில் டீச்சர், காத்தாயி, அவள் கோஷ்டிப் பெண் பூங்குழலி, அத்தை நால்வரும் வட்டமாக நின்று பாடினார்கள். திடீர்னு உச்சியில் ஐந்தாவது குரல்! எண்ணினேன், நாலு பேர். திருப்பி எண்ணினேன், நாலு வாய். பாண்டுரங்கன்தான் எங்கேயோ பாக்ஸ் ஒளிச்சு வெச்சிருக்கான்னு ஒயரைத் தேடித் தவழ்ந்துபோய் இருட்டில் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அது குரங்கு வால். குரங்கு விட்ட அறையில் நான் விழுந்து கிடக்கும்போது டீச்சர் சொன்னார்: “யாரும் ஒளியலைங்க. நாலு குரலும் சரியாப் பொருந்தினா அஞ்சாவது தானா எழும்பும். அடியில பேஸ் நிக்கலன்னா எழும்பாது.”

அத்தை என்னைத் தூக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “யோவ், மைக்கு இல்லாமயே கேட்டுச்சா?”

“கேட்டுச்சுடி” என்றேன்.

உன் வீட்டில் பால் பொங்கி, தண்ணி லாரி தவறாமல் வந்து, நீங்கள் இருவரும் நீடு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
குரங்கிடம் அறை வாங்கிய மாமா,
வீராசாமி

பின்குறிப்பு: பாக்ஸ் பதினெட்டு இல்லை, இரண்டு. பெண்கள் நாற்பது பேர். பை ஃபேனில் மோதவில்லை, குரங்கு என்னை அறையவில்லை. பாண்டுரங்கன் ஒயர் தங்கமான ஒயர். உன் கல்யாணத்தன்றைக்கு அவள் குரலைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் சிரித்தார்கள், எனக்கு வெட்கமாகி நான்தான் மைக் வால்யூமை அடியோடு குறைத்தேன். அந்த ஐந்தாவது குரல் மட்டும் சத்தியமாக நிஜம். வால்யூமைக் குறைத்ததை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் இந்தக் கவரை ஒட்டாமல், தபாலில் போடச் சொல்லி அவளிடமே கொடுக்கிறேன். உனக்கு ஒட்டி வந்து சேர்ந்தால், அத்தை படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.