நடுவிலிருந்து தைத்த நாவல்

ஆம்பூரில் பட்டப்பகலில் ஒரு புத்தகத்தைக் கொலை செய்த ஒரே மனிதர் எங்கள் சார்ட்டர்தான். நான் கண்ணால் கண்ட சாட்சி.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேனரியில் பதமாகி வரும் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது வேலை. அதனால் சார்ட்டர். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். மதியச் சாப்பாடு ஆனதும் தோல்கட்டின்மேல் சாய்ந்து இங்கிலீஷ் நாவல் படிப்பார். நாவல் கிடைக்காத நாளில் பொட்டலம் மடித்த தாளைப் படிப்பார்.

நான் அதே டேனரியில் குமாஸ்தா. வாய் கொஞ்சம் நீளம். வேலூர் வாசகசாலைக் கூட்டத்தில் ஒரு ருஷ்ய நாவலாசிரியரைப் பற்றிப் பேசுவதாக அதன் காரியதரிசியிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பூரித்துப்போய், அலமாரியைத் திறந்து தொள்ளாயிரம் பக்க நாவலைக் கையில் கொடுத்தார். இருப்பது ஒரே பிரதி என்று இரண்டு முறை சொன்னார்.

நான்கு தடவை ஆரம்பித்தேன். நான்கு தடவையும் நாற்பதாம் பக்கத்தில் விழுந்தேன். ஆளுக்கு மூன்று பெயர். கதாநாயகன் பிறப்பதற்குள் அவனுடைய கொள்ளுத்தாத்தாக்கள் எல்லாரும் செத்தாக வேண்டும். கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இந்த மனிதரை எங்கிருந்து படிப்பது என்று சார்ட்டரிடம் கேட்டேன்.

அவர் புத்தகத்தை வாங்கி, தோலைத் தடவுவதுபோலத் தடவினார்.

"முதல் பக்கத்துலருந்து படின்னு உனுக்கு யாருப்பா சொன்னது?" என்றார்.

சொல்லிக்கொண்டே தோலின் ஓரம் அரிகிற கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு. புத்தகம் இரண்டாகிவிட்டது.

"அது வேலூர் புக்கு," என்றேன்.

"தெரியும். இன்னா இப்போ? தச்சுக்கலாம். நீ இங்கருந்து படி." இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் பெரிய துண்டை என்னிடம் தள்ளினார். சின்னத் துண்டை மேல்துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் அந்தத் துண்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள், செத்த மாடு செத்ததுதான் என்ற மனநிலையில் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு சாவு வீடு. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த மகன், கோட்டைக் கழற்றாமலே அப்பனிடம் சண்டைக்கு நிற்கிறான். பத்து நாளில் முடித்து, தைத்துத் தரச் சொல்லி சார்ட்டரிடம் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்தன்று சார்ட்டரும் கூட வந்தார். புத்தகம் அவர் கையில், சிவப்பு ஆட்டுத்தோல் அட்டையோடு மணத்தது. காரியதரிசி அட்டையை மெச்சிக்கொண்டே திறந்தார். முதல் தாளில் 241 என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், 241 தான். ஒன்றாம் பக்கம் எங்கே என்று கேட்டார்.

"கடசீல இருக்குது சார். அந்த ஆள எங்கருந்து படிக்கணுமோ அங்கருந்து தச்சிருக்கேன்."

காரியதரிசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எந்த அறிஞர் அப்படிச் சொன்னார் என்று கேட்டார். சார்ட்டர் முதல்முறையாகத் தலைகுனிந்தார்.

பேரணாம்பட்டில் வேலை பார்த்தபோது பழைய பேப்பர்க் கடையில் அவருக்கு அந்த நாவல் கிடைத்ததாம். முன்னால் இருநூற்று நாற்பது பக்கம் கிழிந்துபோயிருந்தது. பதினோரு வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். என் கையில் முழுப் பிரதியைப் பார்த்ததும், நான் படித்து முடிக்கிறவரை அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்காக வெட்டவில்லை, தனக்காக வெட்டியிருக்கிறார்.

என் பேச்சு நடக்கவில்லை. அன்றே என் பெயரை வாசகசாலையிலிருந்து அடித்துவிட்டார்கள். திரும்பும் ரயிலில் அவரோடு பேசுவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். குடியாத்தம் தாண்டியதும் அவராகவே மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பையனோட அம்மாவ எனுக்குப் பொணமாத்தான் தெரியும்ப்பா. முன்னாடி பக்கத்துல பாட்டெல்லாம் பாடுது. எப்பிடிச் சிரிக்குது தெரியுமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று, ஆம்பூர் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.