ஒற்றைத் தும்மலில் போன சம்பந்தம்

கரமனை

மகாராஜராஜஸ்ரீ உமாசங்கர் அத்திம்பேருக்கு சேஷன் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. க்ஷேமமில்லை. அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்கிற மனசு கடிதம் முடிவதற்குள் வருகிறதா பார்ப்போம். போன் பண்ணியிருக்கலாம், நடுவில் அக்கா வாங்கி "என்னடா சேஷா" என்பாள், என் கோபம் பாதியாகிவிடும். அது முழுசாக உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

என் சஷ்டியப்தபூர்த்திக்கு எல்லாரும் வேஷ்டி கொண்டுவந்தார்கள். நீங்கள் மட்டும், வனத்துறையில் குப்பை கொட்டின பெருமையில், ஒரு அக்கேசியாக் கன்றைக் கொண்டுவந்து, "வேகமா வளரும், தண்ணியே கேக்காது, ஆடு மாடு வாய் வைக்காது" என்று சர்டிபிகேட் கொடுத்து என் வாசலில் நட்டீர்கள். ஆடு மாடு ஏன் வாய் வைக்காது என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். ஏன், ஊரில் வேம்பு இல்லையா, புங்கை இல்லையா? இப்போது அது மாடிக்கு மேலே நின்று பூக்கிறது, மஞ்சள் பொடியாகக் கொட்டுகிறது, எனக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகி, ஒரு காயத்ரியை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே ஒரு மலையாளி டாக்டரிடம் போனேன். "பூம்பொடியாணு ஸாரே. ஒன்னுகில் மரம் மாறணம், அல்லெங்கில் ஸார் மாறணம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்று மரம் போக வேண்டுமாம், இல்லாவிட்டால் நான் போக வேண்டுமாம். தெருச் சங்கச் செயலாளர் செல்வமணியிடம் வெட்டச் சொன்னால், "பஸ் ஸ்டாப்புக்கு அது ஒண்ணுதான் சார் நிழலு. நீங்க ஒரு மாஸ்க் போட்டுக்கிடுங்க" என்கிறார்.

அதெல்லாம் போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை வலியசாலையிலிருந்து நம் பத்மப்ரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆச்சு. பையனின் அப்பா தொண்டையைக் கனைத்து, "எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம்" என்றார். நான் தும்மினேன். ஒரே ஒரு தும்மல். ஒற்றைத் தும்மல் அபசகுனம், இரண்டாவது வந்துவிட்டால் தோஷமில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவாளுக்கும் தெரியும். அதனால் அத்தனை பேரும் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் மூக்கையே பார்த்தார்கள். வரவில்லை அத்திம்பேர். நாள் முழுக்க வரிசையாகப் போடுகிறவனுக்கு அந்த ஒன்று வரவில்லை. வெயிலை அண்ணாந்து பார்த்தேன், என் சகதர்மிணி லலிதாம்பாள் மிளகுப்பொடியை நீட்டினாள், பையனின் மாமா மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பியையே எடுத்துக் கொடுத்தார். பாழாய்ப்போன மூக்கு அசையவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். கார் தெருமுனை திரும்பினதும் சேர்ந்தாற்போல நாலு வந்தது. யாருக்கு வேணும் அது? நல்ல இடம், நல்ல பையன், என் பெண்ணுக்கு அமைய இருந்த வாழ்க்கை. வயிறு எரிகிறது.

ஆகையால் கோடாலியுடன் புறப்பட்டு வரவும். நட்ட கையாலேயே வெட்ட வேண்டும். வெட்டாமல் என் வீட்டில் உங்களுக்கு ஒரு வாய் காபி கிடையாது.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு நமஸ்காரம் மேலேயே சொல்லியாகிவிட்டது, இன்னொன்று கிடையாது.

சேஷன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பத்மப்ரியா வாங்கிப் படித்துவிட்டாள். "அத்திம்பேரை ஏன்ப்பா திட்டறேள்? அன்னிக்கு ஜன்னலைத் தொறந்து வெச்சு, உங்க சேரை அதுக்கு நேரே போட்டது நான்தான்" என்கிறாள். கல்யாணமானதும் டெக்னோபார்க் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பையன் முன்னாலேயே போனில் சொன்னானாம். "ரெண்டாவது தும்மல் வந்திருந்தா என்னடி பண்ணியிருப்பே?" என்றேன். "அதுக்குத்தான் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிண்டேன்" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க எங்கே கேட்டேள்?" என்றாள்.

கோடாலி வேண்டாம். புதன்கிழமை கொல்லத்திலிருந்து ஒரு வரன் வருகிறது. என் நாற்காலியை எங்கே போடுவது என்று இந்தத் தடவை அவளைக் கேட்டுக்கொண்டுதான் போடப்போகிறேன்.