மாமனாரை ஆதாரம் காட்டியவன்

பெண் கொடுக்கப்போகிறவர் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது ஆண்களுக்கு வரும் ஒருவகைக் காய்ச்சல். எனக்கு அது தேயிலை விலை விழுந்துகிடந்த காலத்தில், மஞ்சூரில் வந்தது.

அப்போது நான் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். பச்சை இலைக்கு விலை இல்லாததால் ஃபேக்டரி பாதி நாள் மூடியே கிடக்கும். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த சுதாவின் அப்பா, இவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் மனதைப் பிடிக்க நான் அடிக்கடி சர்க்கரை வாங்கப் போவேன். (எங்கள் வீட்டு எறும்புகளுக்கு அது பொற்காலம்.) ஒருநாள் அவர் சொன்னார்:

"இந்தக் கடைவீதில மொதல் கடையே எங்க தாத்தா போட்டதுதானுங்க தம்பி."

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் அப்போது மஞ்சூரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். உடனே பிரவுசிங் சென்டருக்கு ஓடி அதையும் சேர்த்தேன். மறுநாள், முகம் தெரியாத ஒருவர் அந்த வரியின் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று போட்டிருந்தார்.

'வருங்கால மாமனார் சொன்னார்' என்று பதில் எழுதினேன்.

'அவர் எந்தப் பதிப்பகம்?' என்று கேட்டார்.

திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளையாக, கொஞ்ச நாளில் உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் 'மஞ்சூரின் முதல் கடை' என்று செய்தி வந்தது. அதையே ஆதாரமாகக் கொடுத்து அந்த ஆளின் வாயை அடைத்தேன். மாமனார் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினார். பூரித்துப்போய் நிச்சயதார்த்தத்துக்கும் நாள் குறித்தார்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றப்போகிற நேரத்தில், எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைக்காரர் எழுந்தார்.

"ஏனுங்க, எங்க கடை வாசல் நெலவு மேலயே வருசம் செதுக்கியிருக்குது. உங்க தாத்தா இந்த மலை ஏறுறதுக்கு முன்னாடியே எங்க கடை இருந்துச்சுங்க. உங்குளுது மொதல் கடைன்னு யாரு சொன்னது?"

"பேப்பர்லயே போட்டிருக்குதுங்க," என்றார் மாமனார்.

பத்திரிகைக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார். வாயில் ஜிலேபியோடு சொன்னார்: "நாங்க இன்டர்நெட்டுல பாத்துத்தானுங்க போட்டோம்."

"அதுல எழுதுனது யாரு?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

"நானுங்க," என்றேன், தலை குனிந்தபடி.

"உங்குளுக்கு யாரு சொன்னது?"

நான் மாமனாரைப் பார்த்தேன். கூடமே மாமனாரைப் பார்த்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

கல்யாணம் போச்சு என்று முடிவுகட்டி, செருப்பை எங்கே விட்டேன் என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது உள் அறையிலிருந்து சுதா சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரக்கடைக்காரரே சிரித்துவிட்டார்.

மாமனார் என்னைப் பார்த்தார். "நான் எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிருவீங்களா?"

"எழுதிருவேனுங்க மாமா."

கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி. தட்டை மாத்துங்க."

அடுத்த வாரமே அந்த வரியை நானே எடுத்தேன். ஊட்டி நூலகத்தில் பழைய நூல்களைத் துழாவி, 'மஞ்சூரில் ஒரு கடைவீதி உள்ளது' என்று எழுதி மூன்று நூல்களை ஆதாரம் காட்டினேன். முகம் தெரியாதவர் 'நன்று' என்று எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துகளைவிட அது எனக்கு இனித்தது.

இப்போதும் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால், காபி குடித்துவிட்டு, "மாப்பிள்ளை தங்கமானவரு" என்பார்.

சுதா கேட்பாள்: "உங்களைத் தவிர வேற யாராச்சும் அப்படிச் சொல்லியிருக்காங்களாப்பா?"

தேடிக்கொண்டிருக்கிறோம்.