சிவந்த ரப்பர் மீன்

நாவற்குடா வாவிக்கரையில் அந்த மாதம் மீன் பிடித்தவர்களைவிட வரிசை பிடித்தவர்களே அதிகம். பழுகாமத்திலிருந்து வந்தார்கள், கரடியனாற்றிலிருந்து வந்தார்கள். ஆளுக்கொரு வெள்ளை ரப்பர் மீன் கையில். தூண்டிலில் கோர்க்கிற பொய்மீன்தான், பிள்ளைகளே. அதற்கு மெய்மீனைவிட மரியாதை!

வினாயகமூர்த்திச் சாமியார் அதை வாங்கிப் பெட்டிக்குள் செம்பட்டின் மேல் வைப்பார். மூன்று நாள் பூசை. திறந்தால் மீன் சிவந்திருக்கும். அம்மன் இறங்கிவிட்டாளாம், கொடுவா மீன் இனி அதைத்தான் கவ்வுமாம்! தட்டில் காசுத்தாள் போட்டவர்களுக்குச் சிவந்தது. சில்லறை கிலுங்கினால் வெளுத்தே கிடந்தது. அம்மனுக்கு அவ்வளவு கூர்மையான காது.

அதே கரையில் கஜானி ரப்பர் மீன் விற்றுப் பிழைத்தாள். கிழிந்த பழைய மீன்களைப் பால்மா டின்னில் உருக்கி, சாயம் கலந்து, அச்சில் ஊற்றுவாள். அச்சின் வால் நுனி உடைந்திருந்தது. அவள் மீன் எல்லாமே மொட்டை வால். அவளிடமும் சிவப்பு மீன் இருந்ததே, அதுதான் சாமியாருக்கு இடைஞ்சல்.

"அவள்ட கையில தோஷம்" என்றார். அதோடு ஒருவரும் வாங்கவில்லை. அவள் வீட்டில் ஒருவேளைதான் உலை கொதித்தது.

ஒருநாள் காத்தான்குடி மின்ஹாஜ் முகம் வாடி வந்தான். "அக்கா, என்ட மீன் ரெண்டு தரமும் சிவக்கல்ல. எனக்கும் தோஷமாம்."

"பட்டுக்குக் கீழ என்ன கிடக்கு?"

"அத ஆரு பாத்த?"

கஜானி சிரித்துவிட்டாள். "போன வருஷம் சிவப்பையும் வெள்ளையையும் ஒரே டப்பாவுல போட்டு வெச்சன் தம்பி. சாயம் ஊறி நாப்பது வெள்ளை மீன் பாழாப் போச்சு. நான் பூசை ஒண்டும் செய்யல்ல."

மறுநாள் வரிசைக்கு முன்னால் இரண்டு போத்தல்களைத் தொங்கவிட்டாள். ஒன்றில் வெள்ளை மீன் தனியே. மற்றதில் வெள்ளையோடு ஒட்டியபடி ஒரு சிவப்பு.

"தனிய கிடக்கிறது சாமியார்ட பேருக்கு. அவரே ஓதட்டும். மற்றது கறுப்பன்ட பேருக்கு."

கறுப்பன், மீன்தலைக்குக் காத்துக் கிடக்கும் கரைநாய்.

"அம்மனையா சோதிக்கிறாய்!" சாமியார் பாய்ந்தார்.

"உங்களுக்கென்ன பயம் சாமி? ஓதுங்களன்" என்றாள் வரிசையில் நின்ற ஆச்சிப்பிள்ளை.

ஓதினார், தொண்டை கிழிய. போத்தல்கள் மூன்று நாள் எல்லார் கண்முன்னும் வெயிலில் தொங்கின. சாமியாரின் மீன் வெள்ளை வெளேர். நாயின் வெள்ளை மீனோ சிவப்பு!

"அப்ப என்னகா, அம்மன் நாயிட்டயா இறங்கின?" ஆச்சிப்பிள்ளை கேட்டாள். கரையே சிரித்தது.

மின்ஹாஜ் சாமியாரின் பெட்டியைத் திறந்து பட்டை இழுத்தான். சில்லறைக்காரர்களின் மீன் கிடந்த பக்கம் வெறும் பலகை. தாள் போட்டவர்களின் பக்கம் அடுக்கடுக்காய்ச் சிவப்பு மீன்கள். எல்லாமே மொட்டை வால்! தோஷக்காரியின் மீனை முன்பே ஆள்விட்டு வாங்கித்தான் அம்மனை இறக்கியிருக்கிறார் மனிதர்.

பொழுது சாய்வதற்குள் சாமியார் மறைந்தார். கஜானியின் கூடை காலியானது. அன்று அவள் வீட்டில் இரவும் உலை கொதித்தது.

விடிந்தால், யாரோ கறுப்பனுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறார்கள்! அது மாலையை உதறிவிட்டு மீன்தலையைத் தேடிப் போனது. நாய்க்குத் தெரிகிறது, பிள்ளைகளே. கும்பிடுவது பிறகாகட்டும், முதலில் பட்டைத் தூக்கிப் பாருங்கள்.