வளைந்த பாதையும் வருத்தப்பட்ட சம்பந்தியம்மாவும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். உங்கள் அம்மா மட்டும் என் மேல் கொதித்துக்கொண்டிருப்பார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஓய்வு பெற்ற பிறகு கணினியில் படம் வரையக் கற்கிறேன் அல்லவா? மூட்டுவலியோடு வரும் உங்கள் அம்மா சேற்றில் கால் வைக்க வேண்டாமே என்று, கேட்டிலிருந்து வாசற்படிவரை வளைந்து வரும் கல்பாதை ஒன்றை வரைந்தேன். வரைந்த கோட்டைத் தொட்டால் 'டொமைன் 0 முதல் 24' என்று காட்டியது. இருபத்துநான்கு அடி நீளம் என்று நானாகவே முடிவு கட்டி, எண்ணுக்கு ஒரு கல், அதாவது அடிக்கு ஒரு கல் என்று கணினியையே குறிக்கச் சொல்லி, படத்தைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். அவர், "ஐயா, வளைவுல கல்லு மேல கல்லு ஏறுது, நேரா போற இடத்துல கல்லையே காணோம்" என்று தலையைச் சொறிந்தார். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா? போடுய்யா" என்று அதட்டினேன். உங்கள் அம்மா வந்தார். வளைவைத் தத்தித் தத்திக் கடந்தார். அதன்பின் அடுத்த கல் எங்கோ இருந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, "நான் வரக்கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே, கல்லு போட்டா சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது மாப்பிள்ளை. டொமைன் என்பது பஸ் நிறுத்தங்களின் எண் மாதிரி. இருபத்துநான்காவது நிறுத்தம் என்றால் இருபத்துநான்கு மைல் ஆகிவிடுமா? கடைத்தெருவில் அடுத்தடுத்து நிறுத்தம், ஊருக்கு வெளியே போனால் ஒன்றையும் காணோம். நீளத்தைத் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். கேட்டேன், நாற்பது அடி என்றது. கற்களைப் பெயர்த்து, நீளத்தைச் சமமாகப் பங்கிட்டுப் போட்டாயிற்று. உங்கள் அத்தை தூக்கத்தில்கூட நடக்கலாம். ஆகவே டொமைன் வேறு, நீளம் வேறு என்பதை அம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, எப்படியாவது அழைத்து வாருங்கள். அவர் வராத வீடு எனக்கு வீடாகவே இல்லை.

இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ ஆசிகளுடன்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அம்மாவே வந்துவிட்டார், காலில் கான்வாஸ் ஷூ! இத்தனை நாளும் வீட்டுக் கூடத்தில் தாண்டிப் பழகினாராம். சமமாகக் கிடக்கும் கற்களைப் பார்த்தார். "என்னால தாண்ட முடியாதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மேலே எழுதிய எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறேன்.