பிணம் தும்மிய கேசட்

அன்றைக்குப் பஞ்சு குடோனில் இருந்தவர்கள்: டேப்பு அண்ணாச்சி. ஒப்பாரி பாட இடைசெவலில் இருந்து வந்த கருப்பாயி அக்கா. கூடப் பாட அவள் தங்கச்சி. ரிக்கார்டிங் மிஷின் பட்டனை அமுக்க, குடோனில் பொதி தூக்குகிற நான். பிணம் இல்லை. அதுதான் சிக்கலாகிவிட்டது.

கோவில்பட்டியில் கேசட் கம்பெனி ஆரம்பித்த முதல் ஆள் டேப்பு அண்ணாச்சி. செத்துப் பார்த்துவிட்டு எழுந்து டீ குடித்த முதல் ஆளும் அவர்தான்.

கம்பெனிக்கு முன்னால் அவர் பருத்தித் தரகர். அவர் அம்மா செத்தபோது கருப்பாயி அக்கா பாடி, தெருவே அழுதது. மறுநாள் யோசித்தால் அவருக்கு ஒரு வரி ஞாபகம் இல்லை. தரகை விட்டார். அம்மா பேரில் 'சீனியம்மாள் ரிக்கார்ட்ஸ்' என்று போர்டு மாட்டினார். சினிமாப் பாட்டு இல்லாத கேசட்டை எவன் வாங்குவான் என்று ஊர் சிரித்தது.

மிஷின் மதுரையில் இருந்து ஒரு நாள் வாடகைக்கு வந்தது. சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போகணும். இன்னொரு தடவை தரமாட்டோம் என்று சொல்லித்தான் தந்தார்கள். அன்றைக்கு விட்டால் கம்பெனி போர்டோடு சரி. எதிரொலி வராது என்று பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் இடம் போட்டிருந்தார்.

"பொணம் எங்க அண்ணாச்சி?" என்றாள் அக்கா.

"பொணம் எதுக்கு யக்கா? சும்மா பாடுங்க."

"சும்மா அழ எனக்கு வராது. மொகத்தைப் பாத்தாத்தான் வார்த்தை வரும்."

"எங்க அம்மைக்குப் பாடினதையே பாடுங்களேன்."

"அது அவியளோட போச்சு. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினார். பொதிமேல் ஏறிப் படுத்தார்.

"ஏலே, நெத்தியில ஒரு ரூவா வை."

வைத்தேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"அண்ணாச்சிக்கு எத்தனை பிள்ளைய?"

கட்டின வாயோடு அவர் சொன்னார்: "பொணத்துக்கிட்ட கேக்காதீங்க. அவன்கிட்ட கேளுங்க."

பட்டனை அமுக்கினேன். "கரிசக்காடு காத்திருக்க, கண்ணை மூடிப் போனீரே" என்று அக்கா எடுத்தாள். ஆள் உயிரோடு படுத்திருக்கிறார். நான் அழுகிறேன். அந்த நேரம் பார்த்துப் பஞ்சு மூக்கில் ஏறி, பிணம் தும்மியது.

நிறுத்தப் போனேன். கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை ஆட்டினார். நிறுத்தவில்லை. இரண்டாவது தும்மலில் ரூபாய் உருண்டு ஓடியது. தங்கச்சிக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மூன்றாவதுக்கு அக்கா ராகம் விடாமல் சேர்த்துப் பாடினாள்: "தும்மி என்ன, இருமி என்ன, போன உசுரு திரும்பிடுமோ."

முடிந்ததும் அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. பஞ்சு என்றார்.

"இன்னொரு தடவை எடுப்பமா யக்கா?"

"ஒரு பொணத்துக்கு ரெண்டு தடவை அழ முடியாது அண்ணாச்சி."

தும்மலோடேயே கேசட் போட்டார். கழுகுமலையில் ஒரு சாவு வீட்டில் மைக்செட்டில் வைத்தார்கள். முதல் தும்மலுக்கு, மாலை போடக் குனிந்த சம்பந்தி மாலையோடு தெருவுக்கு ஓடிவிட்டார். அந்த வாரம் கயத்தாற்றில் இருந்துகூடக் கேசட் கேட்டு வந்தார்கள்.

"பொணம் தும்முதே அண்ணாச்சி!"

"நம்ம கம்பெனி கேசட்டுன்னா பொணத்துக்கே உசுரு வரும். ரெண்டா எடுத்துக்கோ."

அப்புறம் வில்லுப்பாட்டு, கும்மி, நையாண்டி மேளம் எல்லாம் போட்டார். கம்பெனி காலூன்றிவிட்டது. ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டது.

சில வருஷம் கழித்து அவர் நிஜமாகவே போனார். கருப்பாயி அக்கா அதற்கு முந்தியே போய்விட்டாள். பாட வேறு ஆள் வைக்க அவர் பிள்ளைகளுக்கு மனசில்லை. அந்தக் கேசட்டையே போட்டார்கள். பட்டனை அமுக்கினது நான்.

ஒவ்வொரு தும்மலுக்கும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். தும்மி என்ன, இருமி என்ன என்று அக்கா பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. கேசட் ஓடி முடிந்தது. நான் இன்னும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேசட்டில் மூன்று தும்மல்தான். நாலாவது வரவில்லை.