மாவு மில் நிறுத்தம்

"மாவு மில் நிறுத்தத்துல இறக்கி விடுப்பா" என்று டிரைவரிடம் சொல்லித்தான் குனிஹாரு பஸ் ஏறியிருந்தார். இறங்கிப் பார்த்தால் மில்லைக் காணோம். முள்ளங்கி வயல்தான் இருந்தது.

கறுப்புக் கண்ணாடி, வாய்க்கு முகமூடி. கல்யாணத்தன்று ஓடிப்போன மாப்பிள்ளை எழுபது வயதில் ஊர் பார்க்க வந்தால் சும்மா விடுவார்களா? மாட்டிக்கொள்ளாமல் ஊர் மலையைப் பார்த்து, பூரணம் வைத்துச் சுடும் அந்த ஊர் ஒயாகி ரொட்டி ஒன்று தின்றுவிட்டுப் போனால் போதும்.

வயல் தொப்பியும் முகம் மூடிய துணியுமாக ஒரு கிழவி, கட்டம் போட்ட கொடியோடு மூச்சிரைக்க வந்தாள்.

"ஊர் சுத்திப் பார்க்கவா? நான்தான் வழிகாட்டி. எந்த ஊருங்க?"

"டோக்கியோ. இந்தப் பக்கமே வந்ததில்லை."

கீரை வைத்துச் சாம்பலில் சுட்ட ஒயாகியை நீட்டினாள். அவர் முகமூடியைக் கீழே இறக்கி, கைக்குக் கை மாற்றிப் போட்டு, சாம்பலைத் தட்டி, ஊதிக் கடித்தார்.

"டோக்கியோவுல இப்படியா தின்பாங்க?"

"அது... எங்கம்மா பக்கத்துப் பள்ளத்தாக்கு."

"அட, சொந்தமாச்சே! யாரு வீடு?"

"அநாதைங்க அவங்க."

ஒரு பழைய வீட்டின் முன் நிறுத்தினாள்.

"இதுதான் எங்க ஊர்ச் சரித்திரம். இங்க வீட்டோட மாப்பிள்ளையா வர இருந்தவன் கக்கூஸ் ஜன்னல் வழியா ஓடினான்."

"கக்கூஸ் இல்ல, சமையலறை!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கக்கூஸ் ஜன்னல் சின்னதா இருக்குமே... அதான்."

"விருந்து மீனையும் தூக்கிட்டுப் போனானாம்."

"பொய்! மீனை அவன் தொட்டிருக்கவே மாட்டான்."

சமையலறை ஜன்னலை ஒட்டி அந்தப் பிளம் மரம் நின்றது. அன்று அவர் சட்டையைக் கிழித்த கிளை இப்போது கூரைக்கு மேலே போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும்தான்.

"பொண்ணு... அழுதாளா?"

"அந்த மீனை முழுசா அவளே தின்னா. அப்புறம் ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கிட்டா."

"நல்ல மனுஷனா?"

"கடைசி வரைக்கும் ஓடலை."

கிளம்பும்போது அந்த மரத்துப் பிளம் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தாள். மாட்டவில்லை என்ற நிம்மதியோடு சாயங்கால பஸ்ஸில் ஏறினார். காலையில் வந்த அதே டிரைவர்.

"உங்க ஊர்ல நல்ல வழிகாட்டி போட்டிருக்காங்கப்பா."

"வழிகாட்டியா? இந்த ஊருக்கு ஏது? எப்பவோ வெள்ளத்துல போன மில்லோட பேரைச் சொல்லி எவனாவது கிழவன் ஏறினா போன் போடுடான்னு எங்கம்மா ரொம்ப வருஷமா சொல்லி வெச்சிருந்தாங்க. காலைல போட்டேன், சமையல் துண்டைக் குச்சியில கட்டிக்கிட்டு ஓடி வந்துட்டாங்க!"